இருபதாவது பெயர்

பட்டணத்தில் நடக்கப்போகும் ஆறு மாதக் கணினி வகுப்புக்கு எங்கள் பனிச்சங்கேணியில் இருந்து இருபது பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். வயது பதினாறுக்கும் இருபத்திநான்குக்கும் இடையில் இருந்தால் போதும். பரீட்சைப் பெறுபேறு கேட்கமாட்டார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை.

பெயர் பதியும் புரோகிராமை, நூலகத்தில் அவரிடம் கணினி பழகும் நாங்களே எழுத வேண்டும் என்றார் ஹேசல் மிஸ். மற்ற எல்லாருடையதும் ஒரே இடத்தில் பிழையாகிப்போனது. வயதுக்குக் கண்டதையும் தட்டினாலும், பதிந்தவர்களை எண்ணும் கவுண்டரில் ஒன்று கூடிவிடும்; ஒரு இடம் வீணாகும். நான் கொப்பியில் எழுதியிருந்ததில் வயது சரியென்றால் மட்டும் கவுண்டர் கூடும். பிழையென்றால் திரும்பவும் கேட்கும்.

மிஸ் அதைக் கணினியில் ஏற்றி 150 என்று தட்டினார். ஒன்றும் எழுதாமல் விட்டார். வயதுக்கு ‘மாங்காய்’ என்று அடித்தார். எதையும் அது ஏற்கவில்லை. சரியான இருபது பேரைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஆர் எழுதினது?” என்றார். என் தோழி கேதீஸ்வரிதான் என் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

பதிவு நாளில் எல்லாரும் முண்டியடித்தார்கள். நான் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் பத்தொன்பது பேர், எண்ணி வைத்திருந்தேன். டிலக்சன் பகிடிக்கு 99 அடித்தான். ‘சரியான வயதைத் தருக’ என்றது திரை.

“இது உன்னப் போல இல்லகா, எதிர்த்துக் கதைக்குது,” என்றாள் கேதீஸ்வரி. பத்தொன்பதாவதாகப் பதிந்துவிட்டு, அம்மாவுக்குப் போன் எடுக்க வெளியே ஓடினாள்.

நான் உட்கார்ந்தேன்.

‘இருபது பேர் பதிந்தாயிற்று. நன்றி.’

நான் எழுதிய வசனம்.

“மிஸ், பத்தொம்பது பேர்தான்,” என்றேன். இரண்டாம் முறை சொன்னபோதுதான் கேட்டது.

“இருபது எண்டு காட்டுதே, பிள்ளை.”

“நான் கவுண்டர ஒண்டில தொடங்கிட்டன்.”

மிஸ் பட்டியலை எண்ணிப் பார்த்தார். “எழுதின ஆளுக்கே எண்ணத் தெரியாதா?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

மிஸ் அந்த 1ஐ 0 ஆக்கினார். பத்தொன்பது பெயரையும் வாசிக்காமலே ஒரேயடியாக மறுபடி ஏற்றினார். “ஒரு இடம் இரிக்கு. ஆர் வாறது?”

டிலக்சனைக் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய அக்கா, “சும்மா ஒண்டு போட்டுப் பாப்பமே,” என்று என் கதிரையில் இருந்தாள். வயது 20. புரோகிராம் மறுக்கவில்லை.

“எழுதினவ நீ, முதல் ஆளாப் பதிஞ்சிருப்பாய் என்ன?” என்றார் மிஸ், பட்டியலை மடித்துக்கொண்டே. நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றா இல்லை என்றா ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பின்னேரம் அப்பா வீட்டு நெல்லை மரைக்காலால் அளந்து சாக்கில் போட்டார். முதல் மரைக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். பிறகு இரண்டு, மூன்று. நானும் அந்தப் பழக்கத்தில்தான் கவுண்டருக்குத் தொடக்கத்திலேயே 1 போட்டு, இருபது ஆனதும் நிற்கச் சொல்லியிருந்தேன்.

அன்றுதான் அவர் கையைக் கவனித்தேன். நெல் சாக்கில் விழுந்த பிறகே அவர் வாயைத் திறந்தார். ஒருவரும் வந்து உட்காருமுன்பே நான் லாபம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா இடையில் நிறுத்தி, “எத்தினையாவது, மகள்?” என்று கேட்டார்.

“தெரியாது,” என்றேன்.