பெர்சியின் உதட்டில் உறைந்த ரசம்

திருவிருந்தின் திராட்சரசம் பெர்சியின் உதட்டைத் தொட்டதும் உறைந்துவிடும். ஐஸ்லாந்தின் வடக்கே அந்தப் பள்ளத்தாக்கில் இதற்காக யாரும் வாய்பிளக்கவில்லை. இவனால் ஆராதனை முடிய நேரமாகிறது, வீட்டில் மீன் ஆறிப்போகிறது என்றுதான் முணுமுணுத்தார்கள். அடுத்தவருக்குக் கிண்ணத்தைக் கொடுக்க முடியாது என்பதால் அவனைக் கடைசியாக மண்டியிடச் சொன்னார்கள். அப்போதும் மீதியை அடுப்பருகே வைத்து இளக்கிப் போதகர் குடித்து முடிக்கும்வரை சபை காத்திருந்தது.

காரணத்தைப் பெர்சி போதகர்களிடம் மட்டுமே சொல்லியிருந்தான். ஒரு பனிப்புயலில் பக்கத்துப் பண்ணைக்காரன், கேட்டில் என்பவன், வந்து பெர்சியின் கதவைத் தட்டினான். மேய்ச்சல் நிலத் தகராறில் இருவருக்கும் பேச்சில்லை. கொஞ்சம் தட்டட்டும் என்று பெர்சி உட்கார்ந்திருந்தான். மனம் கேட்காமல் எழுந்து திறந்தபோது வாசலில் பனிதான் இருந்தது. புயல் ஓய்ந்தபின் கேட்டிலை ஓடைக்கரையில் கண்டெடுத்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் பெர்சியும் ஒருவன்.

போதகரிடம் பாவத்தை அறிக்கையிட்டான், மன்னிப்பு கிடைத்தது. உபவாசம் இருந்தான். கோயில் கூரைக்கு மண்ணோடு வெட்டியெடுத்த புல்பத்தைகளைத் தனியாளாக வேய்ந்தான். போதகர்கள் மாறினார்கள், அவன் தாடி நரைத்தது, ரசம் மட்டும் உறைந்துகொண்டே இருந்தது. கடைசியாக வந்த போதகர் சீமோனிடம் ஒரு ஞாயிறு எரிந்து விழுந்தான்.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. அப்புறம் ஏங்கய்யா எனக்கு மட்டும் பனிக்கட்டி?"

"இயேசு மன்னிச்சுட்டாருப்பா, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இங்வில்தூர்கிட்ட சொன்னியா?"

இங்வில்தூர் கேட்டிலின் மனைவி. பரமண்டல ஜெபத்தில் பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்ற வரி வரும்போதெல்லாம் வாயை இறுக மூடிக்கொள்வாள். அவளுக்கு வாயில் ஏதோ இழுப்பு நோய் என்று ஊர் நினைத்திருந்தது.

மறுநாள் அவள் ஆட்டுப்பால் கறந்துகொண்டிருந்தபோது போய் நின்றான்.

"அன்னைக்கு அவன் தட்டினது எனக்குக் கேட்டுச்சு. நான் திறக்கல."

"தெரியும். அவர் கையுறை உன் வாசல் பனிக்குள்ளதான் கிடந்துச்சு, நான்தான் எடுத்தேன். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன், பார்த்தேன்... கோயிலுக்குக் கூரை வேய்ஞ்சியே, என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தியா? உன்னை வெறுத்து வெறுத்து எனக்கே அலுத்துப்போச்சுடா. ஜெபம் பண்ணக்கூட வாய் வரல."

"மன்னிச்சிடு, இங்வில்தூர்."

"இப்பவே மன்னிச்சேன்னு சொன்னா அது பொய். போயிடு."

அடுத்த திருவிருந்து ஞாயிறு, சபை ஜெபத்தில் அந்த மன்னிப்பு வரியைச் சொல்லி முடித்த பிறகு இங்வில்தூர் தனியாகச் சொன்னாள். யாரையோ திட்டுவதுபோலச் சத்தமாகத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து சொல்லி முடித்தாள். பிறகு பெர்சி மண்டியிட்டான். ரசம் வெதுவெதுப்பாகத் தொண்டையில் இறங்கியது. பழக்கமில்லாததால் புரையேறி, தாடியெல்லாம் சிந்திற்று. சீமோன் வழக்கம்போலக் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துப் பீடத்தில் வைத்தார். இன்று சீக்கிரம் கிளம்பலாம் என்று எவரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பெர்சி நடுவில் நின்றான். இங்வில்தூர் பெஞ்சிலிருந்த தன் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மரம் மாதிரி நிக்காத. இங்க உக்காரு, பாட்டு ஆரம்பிச்சாச்சு."