ஓரத்துத் துண்டுகள்

சம்பந்தி வீட்டிலிருந்து வரும் எதையும் குறை சொல்லக் கூடாது என்பது பலகைக்காரரின் கொள்கை; அது பலகாரமானாலும் சரி, பரிசோதனை முடிவானாலும் சரி. அதனால் அன்று காலை மருமகள் கணினியைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குள் வந்து, "மாமா, எங்க அப்பா அனுப்பின கணக்கு சரியில்ல" என்றபோது, அவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"பெத்த அப்பாவையே குறை சொல்றியா? உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன் மாமா."

அறுவடை முடிந்ததும் வயலிலேயே போட்டுக் கொளுத்துகிற தாளையும் தட்டையையும் விலைக்கு வாங்கி, அரைத்து, செடிகளிலிருந்து எடுத்த பசையைச் சேர்த்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்கிறது அவருடைய ஆலை. ஒரு மரம் வெட்ட வேண்டாம். மூக்கை அரிக்கும் ரசாயனப் பசை வேண்டாம். பள்ளிக்கூட மேசை செய்ய இந்தப் பலகை தாங்குமா என்று பார்க்க ஒரு கூட்டு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே பலகைகளை அறுத்து மூன்று ஊர்களில் உள்ள மூன்று சோதனைக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் துண்டுகளை ஒரு முழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எவ்வளவு பருத்தது என்று அளந்து, எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய பொது அட்டவணையில் ஏற்ற வேண்டும். பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் பருத்தால் தேறாது. ஏற்றியதையெல்லாம் ஒன்றுசேர்த்து அலசிச் சொல்லும் வேலை மருமகளுடையது. மூன்று கூடங்களில் ஒன்று அவளுடைய அப்பாவுடையது.

பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் ஒரே ஆராய்ச்சியில் இருக்கலாமா என்று இன்னொரு கூடத்தின் பேராசிரியை ஆரம்பத்திலேயே கேட்டாள். பலகைக்காரர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க ரெண்டு வீட்டுக் கணக்கையும் யாரு வேணா எப்ப வேணா பார்க்கலாம்மா" என்று பதில் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அவர் அப்படி உட்கார்ந்தால் யாரும் பேச மாட்டார்கள். ஆலையில் அவர் முதுகுக்குப் பின்னால் 'வளையாதவர்' என்றுதான் பெயர்.

இப்போது கணக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டு கூடங்களிலும் பாதித் துண்டுகள் தேறவில்லை. சம்பந்தியின் கூடத்தில் எல்லாமே தேறியிருந்தன.

"உங்க அப்பா கைராசி. மத்தவங்க ஊறப்போட்டுட்டு மறந்திருப்பாங்க" என்றார் பலகைக்காரர்.

மருமகள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு பலகையின் படம். ஒவ்வொரு துண்டுக்கும் அது பலகையில் எங்கிருந்து அறுக்கப்பட்டது என்பதற்கு ஓர் எண் உண்டு. மற்ற கூடங்கள் சோதித்த துண்டுகள் பலகை முழுக்கச் சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தன. அவளுடைய அப்பா சோதித்தவை, மழைக்கு ஒரே குடைக்குள் நெருக்கியடித்து நிற்பவர்களைப்போல நடுவில் மட்டும் கூடி நின்றன.

"சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஊறப்போடற துண்டை எடுக்கணும்னு பேச்சு. குலுக்கினா இப்படி வரவே வராது மாமா. நடுத் துண்டை மட்டும் பார்த்தா மூணு கூடமும் ஒண்ணாத்தான் சொல்லுது. ஓரத் துண்டுதான் ஊறுது. அப்பாகிட்ட ஓரமே இல்ல."

"அப்ப அவர் அளந்ததுல பொய் ஒண்ணும் இல்லியே?"

"அளந்தது நிஜம்தான். எடுத்ததுதான்..." என்றவள் கணினியை மூடினாள். மிச்சத்தை எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்?

பலகைக்காரர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். நாளை மறுநாள் எல்லாரும் திரையில் கூடிப் பேசப்போகிறார்கள். வாய்விட்டு உத்தரவாதம் கொடுத்தவர் அவர். அவர் மூளை உடனே ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

"அளக்கிற கருவி கெட்டுப்போச்சுன்னு சொல்லி உங்க அப்பா கணக்கை வாபஸ் வாங்கிக்கட்டும். யாருக்கும் தலைகுனிவு இல்ல."

"எப்பலேர்ந்து கெட்டுப்போச்சுன்னு கேப்பாங்களே மாமா. அதே கருவியில அப்பா எத்தனை பேருக்கு அளந்து குடுத்திருக்கார்? அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. கூடத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்."

"உண்மையைச் சொன்னா?"

"அப்பா தலைகுனியணும். உங்க பலகையும் தேறாது."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "நல்லா மாட்டினீங்க. பலகைகூட அழுத்தினா வளையும். நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தியின் ஊருக்குப் பேருந்து ஏறினார்.

சம்பந்தியின் வீடு மாடியில், கீழே சோதனைக்கூடம். உள்ளே நுழைந்ததும் ஈர வைக்கோல் வாசனை. சுவரோரம் தண்ணீர்த் தொட்டிகள். துண்டுகள் மிதந்துவிடாமல் அமுக்கிப் பிடிக்க மேலே கம்பிவலை. எதிரில் உலர்த்தும் அடுப்பு. மேசைமேல் தடிமன் அளக்கும் கருவி, துணி உறைக்குள், குழந்தையைத் தூங்கவைத்ததுபோல.

"சொல்லியனுப்பினா நானே ஓடி வந்திருப்பேனே சம்பந்தி!" என்று சம்பந்தி மேல்துண்டால் முக்காலியைத் துடைத்துவிட்டார். "பொண்ணு நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. ஓரத்துத் துண்டெல்லாம் எங்க சம்பந்தி?"

சம்பந்தியின் கை துடைத்த இடத்திலேயே நின்றது. பிறகு அலமாரியைத் திறந்தார். ஓரத் துண்டுகள் காகிதத்தில் பொதிந்து, நூல் கட்டி, வரிசையாக இருந்தன.

"தூக்கிப் போடல. உங்க பொருளாச்சே."

"ஏன் ஊறப்போடல?"

"ஒண்ணு போட்டேன். மறுநாள் எடுத்தா ரொட்டி மாதிரி உப்பியிருந்துச்சு. எனக்குக் கையே ஓடல. பொண்ணைக் குடுத்த இடம் சம்பந்தி. உங்க பலகை ஊறிப்போச்சுன்னு நான் என் கையால எப்படி எழுதுவேன்? எழுதினா என் பொண்ணு அந்த வீட்டுல எப்படி நிமிர்ந்து நடப்பா?"

"உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சா. என் முகத்துக்கு நேரா சொன்னா. நிமிர்ந்துதான் சொன்னா."

சம்பந்தி தாம் துடைத்துவைத்த முக்காலியில் தாமே உட்கார்ந்துவிட்டார்.

"இதை நம்பி மேசை செஞ்சு பள்ளிக்கூடத்துல போட்டிருந்தா?" பலகைக்காரரின் குரல் தொட்டிகளைத் தாண்டி மாடிப்படி வரை கேட்டது. "ஒரு மழைக்காலத்துல ஓரமெல்லாம் பிளந்து, பிள்ளைங்க கையைக் கிழிச்சிருக்கும். நீங்க எனக்குச் செஞ்ச மரியாதை அதுதானா?"

கேட்டுவிட்டுத்தான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். திட்டு வாங்கும் பிள்ளையின் முகம். கல்யாண மண்டபத்திலும் இந்த முகத்தைப் பார்த்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்று தமக்கு நாற்காலி போடக் கொஞ்சம் தாமதமாயிற்று என்று பலகைக்காரர் கடைசிவரை உட்காராமல் நின்றார். அவர் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் இந்த மனிதர் கைகட்டிப் பக்கத்திலேயே நின்றார். அதைப் பெரிய கௌரவம் என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். மகளை நம்பி ஒப்படைத்த ஒருவர் தம்மைக் கண்டு நடுங்குவது என்ன கௌரவம்?

"ஊறப்போடுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "இப்பவே. குலுக்கிப் போட்டு எடுங்க."

சீட்டு எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். துண்டுகள் தண்ணீருக்குள் போயின; மேலே வலை.

"நாளைக்கு இந்நேரம்தான் எடுக்கணும். நீங்க கிளம்புங்க சம்பந்தி, நான் பார்த்துக்கறேன்" என்ற சம்பந்தி, தாம் சொன்னது தமக்கே கேட்டதுபோல நிறுத்திக்கொண்டார். "இல்ல... நீங்க இருந்து பார்க்கறதுதான் சரி."

பெண் எடுத்த வீட்டில் இரவு தங்குவதில்லை என்று வைத்திருந்தவர் பலகைக்காரர். மனைவிக்குத் தொலைபேசியில், "நான் இங்க தங்கிட்டு வரேன்" என்றார்.

 "யாருங்க பேசறது?" என்றாள் அவள்.

மறுநாள் துண்டுகளை எடுத்து ஒற்றி அளந்தார்கள். சம்பந்தி கருவியைப் பிடித்து, கணக்குப் போட்டுச் சொன்னார். பலகைக்காரர் ஒற்றை விரலால் கணினியில் ஏற்றினார்.

"பதினெட்டு."

"புள்ளிக்கு அப்புறம்?"

"அது சும்மா கொஞ்சம்..."

"சம்பந்தி!"

"பதினெட்டு புள்ளி ஏழு."

ஓரத் துண்டுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. நனைந்த புத்தகம்போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்ததைப் பலகைக்காரர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் செய்த பலகை.

அடுத்த நாள் கூட்டத்துக்கும் அங்கேயே இருந்துவிட்டார். திரையில் எல்லாரும் ஒவ்வொரு கட்டத்துக்குள் தெரிந்தார்கள்; மருமகளும் ஒரு கட்டத்தில் இருந்தாள். தொடங்குவதற்கு முன், "நான்தான் உங்களைப் பொறுக்கி எடுக்கச் சொன்னேன்னு சொல்லிடறேன்" என்று பலகைக்காரர் காதோடு சொன்னார்.

"அதுவும் பொய்தானே சம்பந்தி" என்றார் சம்பந்தி, முதல்முறையாக அவரை மறுத்து.

கூட்டம் தொடங்கியதும் சம்பந்தியே பேசினார். "ஊறப்போட நல்ல துண்டாப் பார்த்து நான்தான் எடுத்தேன். குலுக்கல. அளந்ததுல பொய் இல்ல, எடுத்ததுல தப்பு. ஓரத் துண்டோட கணக்கை நேத்து ஏத்தியிருக்கோம். பழசையும் அழிக்காம வெச்சிருக்கேன். அது எப்படி எடுத்ததுன்னு பக்கத்துலேயே எழுதியிருக்கேன்."

"ஏன் சார் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள் பேராசிரியை.

சம்பந்தி மேல்துண்டால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். தன் கட்டத்துக்குள் மருமகள் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டியது எதுவும் திரையில் வரவில்லை. பலகைக்காரர் நாற்காலியை இழுத்துத் திரைக்குள் வந்தார்.

"எனக்குப் பயந்தும்மா. என் பலகை தேறலன்னு எங்கிட்ட சொல்ல யாருக்கும் வாய் வராத மாதிரி நான் நடந்துக்கிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு அட்டவணையில கட்டம் இல்லையே சார்" என்றாள் பேராசிரியை. யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "உங்க கூடம் ஆராய்ச்சியில இருக்கட்டும். அடுத்த தடவை துண்டு எடுக்கும்போது எங்க ஆள் ஒருத்தர் திரையில கூட இருப்பார். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் சம்பந்தி. காயம் அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. ஆனால் கூடம் தப்பித்தது.

"பலகை இப்ப தேறல. மேசைக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் பலகைக்காரர். பிறகு, வாழ்நாளில் அவர் அதிகம் செய்யாத ஒன்றைச் செய்தார், கேட்டார். "ஓரத்துல ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியல. நார் அங்க மெலிசாப் பரவுதோ என்னவோ. உங்ககிட்ட ஓரத் துண்டோட எடை ஏதாவது இருந்தா அனுப்புவீங்களா?"

"போன மாசமே ஏத்திட்டோம் சார். நீங்கதான் திறந்து பார்க்கல" என்றாள் பேராசிரியை.

"மூணாவது பக்கம் மாமா" என்றாள் மருமகள், தலையை நிமிர்த்தாமல்.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. பலகைக்காரர் தம்முடைய கண்ணாடியை எடுத்து வந்திருக்கவில்லை.

"நீங்க படிங்க சம்பந்தி. நான் கேக்கறேன்."

சம்பந்தி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, புள்ளிக்கு அப்புறம் இருந்ததையும் விடாமல் படித்தார்.