பொட்டு ஒட்டு

கடற்கோள் கிழித்துப்போட்ட பனிச்சங்கேணிப் பாதையில் ஜீப் பறக்கவேண்டுமாம். ஷொக் அப்சோபரைத் தாங்கும் இரும்பை வெட்டியெறிந்துவிட்டுத் தடித்ததாக வைக்கச் சொன்னார்கள், ட்றெவரின் வெல்டிங் பட்டறைக்குள் புகுந்த துவக்குக்காரர்கள். வேலை சுணங்குகிறதென்று ட்றெவரின் தம்பி ஷேனைத் துவக்குப் பிடியால் அடித்தார்கள். பல் தெறித்தது.

ஜீப்புக்கு அடியில் படுத்த ட்றெவர், சுற்றிவர உருக்கி ஒட்டவேண்டிய இரும்பை இரண்டே பொட்டில் ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்து மறைத்தான். முதல் பள்ளத்திலேயே கழன்று ஜீப் குப்புறப் பிரளட்டும். சாகட்டும் நாய்கள்.

"முடிஞ்சுது" என்றபடி வெளியே வந்தான்.

தலைவன் ஷேனின் தலைமயிரைப் பிடித்திழுத்து ஜீப்புக்குள் தள்ளினான். "வழியில ஏதும் உடைஞ்சா ஒட்டித்தர இவன் வரட்டும்."

ஷேன் இரத்தத்தைத் துப்பினான்.

"பயப்பிடாத அண்ணன். நீ ஒட்டினது எங்க உடையப்போகுது?"