விழுப்புரத்தில் டக்ளஸ் போன ரைடு

கொத்தனார் செபஸ்தியானுக்கு வாய்தான் சனியன். ஈஸ்டர் முடிந்த வாரம், மச்சினிச்சியின் நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் கபடி ஆடப் போய்விட்டான். பாக்கியமேரி கோபித்துக்கொண்டு விழுப்புரத்தில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். கட்டின பெண்டாட்டியைப் போய் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் தீர்ந்தது. இவனோ மாமனார் ராயப்பனின் வாசலில் நின்று, "இனிமே மாதா கோயில் திருவிழா கப்பு இல்லாம இந்தப் படிய மிதிக்க மாட்டேன்" என்று சவடால் அடித்துவிட்டு வந்தான். அந்தக் கப்பை விழுப்புரம்காரர்கள்தான் வருஷா வருஷம் தூக்குகிறார்கள். செபஸ்தியானின் திண்டிவனம் டீம் டிபனைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறும்.

தனியாகப் பொங்கித் தின்று அவனுக்கு நாக்கு செத்துப் போனது. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் வானூர்ப் பக்கம், வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற இடத்தில் சுவர் வேலை வந்தது. அங்கே டக்ளஸ் துரையைப் பார்த்தான். மனுஷன் நிலைக்கதவு உயரம். அகலமும் கிட்டத்தட்ட அதேதான். கைலியைக் கட்டிக்கொண்டு, சிமெண்ட் மூட்டையை அக்குளில் இடுக்கியபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார்.

அமெரிக்காவில் அவர் பேர்போன புட்பால்காரராம். காலால் உதைக்கிற நம்ம ஊர் ஆட்டம் இல்லை. பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு, மறிக்கிறவனையெல்லாம் இடித்துத் தள்ளி, எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டுகிற ஆட்டம். அவர் ஓடினால் பிடிக்க ஆளே கிடையாதாம். பத்திரிகை அட்டையில் படம், டி.வி.யில் சோப்பு விளம்பரம், பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பேர். கடைசியில் முட்டி தேய்ந்து, கூட்டமும் அலுத்துப்போய், இங்கே முந்திரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தொரை, எங்க டீமுக்குக் கபடி ஆட வர்றியா?"

"இடிக்கலாமா?" கொத்தனார்களிடம் கற்ற தமிழில் டக்ளஸ் கேட்டார்.

"தாராளமா."

"அப்ப வர்றேன் மேஸ்திரி."

கலவை போடுகிற இடத்திலேயே கோடு கிழித்து செபஸ்தியான் பாடம் நடத்தினான். மூச்சு விடாமல் 'கபடி கபடி' சொல்லணும். நீ தொட்டால் அவன் அவுட். நம்ம பக்கம் வந்தவனைப் பிடித்தால் விடக்கூடாது. எல்லாம் சொன்னான் மகராசன்.

வெளியூர் ஆள் ஒருத்தரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திருவிழா விதி. கண்டாச்சிபுரத்து முரடன் ஒருவனுக்காக விழுப்புரம்காரர்களே போட்டுக்கொண்டது. பஸ்ஸிலிருந்து டக்ளஸ் குனிந்து இறங்கியதைப் பார்த்து ராயப்பனுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பைனலில் டக்ளஸை எதிர்ப்பக்கம் ரைடு அனுப்பாமல், வருகிறவனைப் பிடிக்க மட்டும் நிறுத்தினார்கள். பாடி வந்த ஒவ்வொருத்தனையும் மல்லாட்டை மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். ஆனால் திண்டிவனத்துப் பசங்கள் எதிர்ப்பக்கம் போய்ப் போய் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் ஒரே ரைடு, அதுவும் திண்டிவனத்துக்கு. கோயில் படிக்கட்டில் பெண்களோடு பாக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். செபஸ்தியான் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"போ தொரை! நீதான்!"

டக்ளஸ் 'கபடி கபடி' என்று கிளம்பினார். தொட்டார். இடித்தார். இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். விழுப்புரம் கேப்டன் தொம்மை, பாக்கியமேரியின் தம்பி, பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டினான். அவ்வளவுதான். அவனை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! ஆனால் முன்பக்கமாக.

"தொரை, திரும்பு! ஐயோ, திரும்புய்யா!"

கடைசிக் கோட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, நேரே படிக்கட்டுக்குப் போய், தொம்மையை அவன் அக்கா காலடியில் பொத்தென்று வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி டக்ளஸ் குதித்தார். நடுவர் சக்கரபாணி விசில் ஊதினார். துரை அவுட். கப்பு விழுப்புரத்துக்கு.

செபஸ்தியான் அழாத குறையாக ஓடி வந்தான். "இன்னா தொரை இப்டி பண்ணிட்ட? போனா திரும்பி நம்ம கோட்டுக்கு வரணும்யா!"

டக்ளஸ் முகம் சுண்டிப் போனது. "எங்க ஊர்ல திரும்பி வந்தா திட்டுவான் மேஸ்திரி. நீ சொல்லவே இல்ல."

"இத வேற ஒருத்தன் சொல்லணுமா? போனவங்க திரும்பி வர்றதுதானே ஆட்டமே!"

வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பாக்கியமேரி சட்டென்று நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவர ஏன்யா திட்டற? ஈஸ்டர்லேர்ந்து ஒக்காந்துக்கினு இருக்கேன். என்னாண்ட மட்டும் சொன்னியா, திரும்பி வான்னு?"

செபஸ்தியானுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தப் பக்கம் மாமனார் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டட்டும்.

"வந்துடு மேரி. நீ இல்லாம ஊடு ஊடா இல்ல."

"ஊட்டாண்ட வந்து கூப்பிடு. அப்பா முன்னாடி."

கப்பு இல்லாமல் அந்தப் படியை மிதித்தான். ராயப்பன் மீசைக்குள் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

மேரியின் டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்குவேன் என்று டக்ளஸ் அடம் பிடித்தார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து அவர் கிளம்பியதும், செபஸ்தியான் காபி டம்ளரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான்.

"தொரை! பொட்டிய பஸ்ல வெச்சிட்டு நில்லு! அங்கியே நில்லு! நாங்க ரெண்டு பேரும் வர்றோம்!"