ஒன்பது மணிக் கடிதம்

தலைவருக்கு ஒரு வழக்கம். விடுதலை ஊர்வலம் என்றால், எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக என்று முந்தின நாளே போலீசுக்குக் கடிதம் போய்விடும். ஒளித்துச் செய்வதும் பாதி வன்முறைதான் என்பார். உலகத்தில் எவனாவது அடி வாங்க நேரம் குறித்துக் கொடுப்பானா? அந்தக் கடிதத்தை டைப் அடிப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் புருஷன், தையல்காரன், எப்போதும் முதல் வரிசை. போன ஊர்வலத்தில் முறிந்த இடது கையில் கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. இன்னொரு அடி பட்டால் அந்தக் கை எதற்கும் உதவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே தலைவர் ஏழு மணி என்று சொன்னதை அவள் ஒன்பது என்று அடித்து, அவர் படிக்காமலே போட்ட கையெழுத்தோடு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கடைவீதி முனையில் ஒரு போலீஸ்காரன்கூட இல்லை. கூட்டம் குதித்தது. தலைவர் மட்டும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, கடிதத்துல எத்தனை மணின்னு போட்டே?"

"ஒன்பதுங்கய்யா." பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சேதான் போட்டேன். இவர் கை..."

புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "மானத்த வாங்கிட்டியே!"

தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். "இதை நானே கேட்டிருக்கணும்," என்றார். பிறகு நடுத்தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "ஒன்பதுன்னு சொல்லியாச்சு. ஒன்பதுக்குத்தான் நடப்போம்."

சுள்ளென்ற வெயிலில் இரண்டு மணி நேரம் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரனைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார், அவனா மசிவான்? "அப்ப உன் இடது பக்கம் நான் வர்றேன்," என்று ஒட்டிக்கொண்டார்.

போலீஸ் ஒன்பதுக்கு வந்தது. தங்களுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தயங்கத்தான் செய்தார். ஆனாலும் மேலிடத்து உத்தரவு, தடிகள் இறங்கின. தையல்காரனின் இடது கைக்கு வந்ததெல்லாம் தலைவரின் வலது கையில் விழுந்தது.

மூன்றாம் நாள் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் அவள் அலுவலகம் போனாள். புருஷன் காலையில் இரண்டு கையாலும் துணி வெட்டிக்கொண்டிருந்தான். அதற்கு இந்த மனுஷர் காலில் விழுந்தாலும் தகும் என்று இருந்தது.

"ஐயா, உங்களுக்கு நான் எப்படி..."

"வெள்ளிக்கிழமை எட்டு மணி, அதே தெரு. அடிம்மா."

அடித்து நீட்டினாள். தலைவர் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இவன் ஒத்துழைக்க மாட்டேங்கிறான். என் பேரை நீயே போட்டுடு."

"படிச்சுப் பாக்கலீங்களே ஐயா?"

"நீதானே அடிச்சே? அப்புறம் எதுக்கு?"

எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டு மணிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அவர் பெயரை எழுதினாள்.