துரைக்கு விளாவிய வெந்நீர்

கொட்டகை மூலையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி பானையிலிருந்து வெந்நீரை மொண்டு கொடுக்க, கொட்டகைக்காரர் அதைக் கனத்த ரப்பர் குழாயின் பக்கத்துத் துளை வழியாக ஊற்றினார். குழாய்க்குள் மெல்லிய ரப்பர் உறை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் வெந்நீர் நிற்க வேண்டும். ஆட்டுக்கிடா பெட்டையின் மேல் ஏறும் நேரத்தில் பண்ணையின் கால்நடை டாக்டரம்மா இந்தக் குழாயைக் குறுக்கே நீட்டி விந்தைப் பிடிப்பார். சூடு உடம்புச் சூட்டைவிடச் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். குறைந்தால் கிடா ஏமாறாது. கூடினால் சுட்டுக்கொண்டு விலகிவிடும்.

தெர்மாமீட்டர் உடைந்துபோய்ப் புதிது கேட்டும் வந்தபாடில்லை. "உங்க கைதான் அண்ணே எனக்கு தெர்மாமீட்டர்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று அந்தக் கை பச்சைத் தண்ணீர் விளாவ மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று சொல்வது அவருக்குக் காட்டும் மரியாதை. அவர் வேண்டுமென்றேதான் செய்தார்.

முந்தின நாள் தீவன மூட்டைகளை இறக்க வந்த லாரி டிரைவர், போகிற போக்கில் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"அண்ணே, இன்னும் ரெண்டு மூணு லோடுதான் வரும்போல. அப்புறம் எனக்கும் இங்க வேலை இல்ல."

"ஏன், என்ன ஆச்சு?"

"உங்க துரைக் கிடாவோட சரக்கும் டாங்குல சேர்ந்துட்டா மந்தையையே ஏலம் விடப்போறாங்களாம். டாங்குல இருக்கிறது தின்னவும் தின்னாது, நாறவும் நாறாதுன்னு ஆபீஸ்ல சிரிச்சுப் பேசிக்கிறாங்க."

சின்னக் காதும் கறுத்த முகமும் கொண்ட அந்த ஆட்டினம் இந்தப் பண்ணையைத் தவிர வேறெங்கும் இல்லை. அது அழிந்துவிடக் கூடாது என்றுதான் பண்ணையையே ஆரம்பித்தார்கள். உயிரோடு மேய்த்துக் காப்பாற்றியது போதும், இனி விந்தாகவும் கருவாகவும் உறையவைத்துக் காப்பாற்றலாம் என்று இப்போது மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மற்ற கிடாக்களின் விந்து மெல்லிய குச்சிகளில் அடைபட்டு, டாங்குக்குள் நைட்ரஜன் குளிரில் ஏற்கெனவே கிடந்தது. பாக்கி துரை மட்டும்தான். அது தனி வம்சம். அது சேராமல் கணக்கை முடிக்க முடியாது.

தீவனத் தொட்டியில் மற்றவை முண்டியடிக்கும்போது, எல்லாம் தானாக வழிவிடட்டும் என்று தள்ளி நிற்கிற கிடா அது. அதனால்தான் கொட்டகைக்காரர் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பாது. அவர் உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டினால் மட்டும் வந்து நக்கும்.

கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, தாய் இறந்த குட்டிகளுக்குப் பால் புகட்டி, தன் முழங்காலையும் கெடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சம்பளம் கிடையாது. அறையைச் சும்மா கொடுத்திருக்கிறோமே என்பார்கள். மந்தை போனால் வேலை போகும், வேலை போனால் அறை போகும். ஐம்பதைத் தாண்டியவனையும் நொண்டி நடப்பவளையும் யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? இரவெல்லாம் புரண்டு படுத்ததில் அவருக்குத் தோன்றிய ஒரே வழி வெந்நீர்தான்.

துரை பெட்டையின் மேல் ஏறியது. டாக்டரம்மா குழாயை நீட்டினார். அடுத்த நொடி துரை துள்ளிக் கீழே விழுந்து, தடுப்பில் முட்டிக்கொண்டு ஓரமாய் ஒதுங்கியது.

"இவனுக்கு என்னண்ணே ஆச்சு?"

"இன்னிக்கு மனசு இல்லபோல, டாக்டரம்மா."

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார். டீயைக் கையில் வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தார். அடுத்த முறையும் பச்சைத் தண்ணீரைத் தொடவில்லை. துரை இம்முறை சத்தம் போட்டது.

டாக்டரம்மா போன பிறகு மனைவி குழாயில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு உதறினாள்.

"ஏங்க, தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

அவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"கேக்குறேன்ல?"

"கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும்னு பார்த்தேன். இது கொடுக்கலன்னா மந்தையைத் தொட மாட்டாங்க."

"உங்க கோவத்தை அந்தப் பண்ணை ஆபீசர் மேல காட்டுங்க. வாயில்லாத ஜீவன் உங்கள நம்பித்தானே வருது?"

"அவர் மேல காட்டினா அன்னிக்கே நம்ம பாத்திரமெல்லாம் தெருவுல கிடக்கும்."

அவள் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனாள். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. நாள் தள்ளிப்போகிறதே.

நாள் தள்ளிப்போகவில்லை. வாரக் கடைசியில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இனிமே வெந்நீர் போட வேண்டாம். துரையை வெட்டிட்டு விதையை எடுத்துக்கலாம்னு ஆபீசர் சொல்லிட்டார்."

"வெட்டிட்டா? செத்த பிறகு அதுல என்னம்மா இருக்கும்?"

"விதைக்குள்ள விந்து கொஞ்ச நேரம் உயிரோடதான் இருக்கும். ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டுபோனா எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்துடலாம். வாரக்கணக்கா குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துரை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கும். மழைக்காலம் முடியும்வரைகூட இழுத்திருக்கும். அதுவரை மந்தை இருந்திருக்கும், அறை இருந்திருக்கும், துரையும் இருந்திருக்கும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்மா. நாளைக்குக் கட்டாயம் கொடுக்கும். நான் பொறுப்பு."

"சரி. நாளைக்குக் காலையில ஒரு தடவை." டாக்டரம்மா கையுறையை மடித்துப் பையில் வைத்தார். "எனக்கு மட்டும் அவசரமா அண்ணே? இந்த வேலை முடிஞ்சா என் ஒப்பந்தமும் முடிஞ்சுடும்."

விடிந்ததும் அவர் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விளாவினார். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். மனைவியையும் பார்க்கச் சொன்னார். அவள் விரலை முக்கித் தலையாட்டினாள்.

குழாயைக் கண்டதுமே துரை பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெட்டையை அருகில் கொண்டுவந்து நிறுத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் குழாயை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு குனிந்து போனார்.

"வாடா துரை. வாடா ராசா. இன்னிக்குச் சுடாதுடா."

துரை கழுத்தை நீட்டிக் கையை முகர்ந்தது. ரப்பர் வாடை அடித்திருக்க வேண்டும். மூக்கை இழுத்துக்கொண்டு, அவரைச் சுற்றி ஓடி, அவர் மனைவியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றது. உப்பு அவர் கையில் வியர்வையோடு கரைந்தது.

"டாக்டரம்மா, தண்ணி போன ரெண்டு தடவையும்... நான்தான்..."

"தெரியும் அண்ணே." டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். "அன்னிக்கே துரைக்கு அந்த இடம் செவந்திருந்ததைப் பார்த்தேன். உங்களுக்கு எதுக்கு வம்புன்னு, கிருமி தாக்கியிருக்கும்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். அப்பதான் அவர், நோய் முத்துறதுக்குள்ள வெட்டி எடுத்துடுங்கன்னார். நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

யாருக்கும் யாரையும் திட்ட முடியவில்லை. மத்தியானம் வெட்டுகிறவன் வந்தான். துரை கொட்டகைக்காரரோடு போக மறுத்தது. கடைசியில் மனைவிதான் காலை இழுத்து இழுத்து முன்னால் நடக்க, அது அவள் பின்னாலேயே போனது. திரும்பி வந்தபோது அவள் கையில் வெறும் கயிறு இருந்தது. ஐஸ் பெட்டி அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தது. துரையின் குச்சிகள் தேவைக்கு மேலேயே தேறின என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மந்தை ஏலம் போயிற்று. வாங்கியவர்கள் எல்லாரும் கறிக்கடைக்காரர்கள். காலியான கொட்டகையில் அடுப்புச் சாம்பல் மட்டும் இருந்தது. அறையைக் காலிசெய்யச் சொல்லி ஆள் வந்தான். ஆபீஸ் கட்டடத்தில் இடம் போதாததால் டாங்குகளை இந்த அறையில் வைக்கப்போகிறார்களாம்.

அவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை ஆரம்பித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் சுவரைத் துளைத்து ஏசி மாட்டினான். அதே சுவரில் ஒரு மின்விசிறி மாட்டச் சொல்லி அவர்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்திருந்தார்கள். கூரைமேல் ஏறியிருந்த கொத்தனார் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்கதானே இங்க குடியிருந்தது? எங்கெங்க ஒழுகும்? ஒரு சொட்டுகூட உள்ள இறங்கக் கூடாதுன்னு ஆபீசர் கறாரா சொல்லியிருக்கார்."

கொட்டகைக்காரர் சாக்கைக் கீழே வைத்தார். ஒரு கம்பை எடுத்து, ஒவ்வொரு இடமாகத் தட்டிக் காட்டினார். சன்னல் ஓரம். அலமாரிக்கு மேலே. படுக்கையில் தலை வைக்கும் இடம். மேலிருந்து கொத்தனார் அந்தந்த இடத்தில் கரிக்கட்டியால் வட்டம் போட்டார்.

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் மனைவி.

அறையின் நடுவில் ஒழுகலுக்கு வைத்த அலுமினியக் குண்டான் இன்னும் அங்கேயே இருந்தது. அதில் நேற்றைய மழைத் தண்ணீர் பாதிக்கு நின்றது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அதைத் தூக்கி வாசலில் ஊற்றினாள். டாங்கை உருட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்த இரண்டு பேர், அவள் நகர்ந்ததும் உள்ளே போய், குண்டான் இருந்த ஈரத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்திலேயே டாங்கை நிறுத்தினார்கள்.