மாமனார் வைத்த அத்தி

இளஞ்செழியன் மூன்று முறை அத்தி விதை போட்டுப் பார்த்தான். மூன்று முறையும் ஒரு முளைகூட எழவில்லை. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, ஒன்றைப் போட்டால் நூறு வராதது பெரிய மானப் பிரச்சினை. மொட்டை மாடியில் பெயிண்ட் பக்கெட்டுகள் வெறும் மண்ணோடு வரிசையாக நின்றன. அந்த மண்ணுக்கும் தினம் இரண்டு வேளை தண்ணீர்!

பழம் கொண்டுவந்து கொடுப்பவன் மாயவன். பட்டா நகல் எடுக்கக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஒரு பை நிறைய ஓடைக்கரை அத்திப்பழம் கொண்டுவருவான்.

"நீங்க போட்டா எப்பிடி சார் மொளைக்கும்? பச்சி தின்னு எச்சம் போடணும். மலையில அத்திய யாரு நட்டா?" என்றான்.

இளஞ்செழியனுக்கு உடனே காக்கா ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் காக்கா என்றால் மாமனார்.

மகேஸ்வரியின் அப்பா குப்பன் பிடிவாதத்துக்குப் பேர் போனவர். மகள் தன்னிஷ்டத்துக்கு இளஞ்செழியனைக் கட்டிக்கொண்ட அன்று, "உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். ஆறு வருஷம் சொன்ன சொல் மாறாமல் இருந்து, போன வருஷம் செத்தும் போனார். அமாவாசைதோறும் மகேஸ்வரி மாடிச்சுவரில் அவருக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவாள். காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. காக்கா வரும், பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா வைத்ததைத் தின்னும், இந்தச் சுவரை ஏறிட்டும் பார்க்காது. மணி மூன்றாகிவிடும்.

"செத்தும் கோவம் தீரல பாருங்க" என்று மகேஸ்வரி அழுவாள். பசியில் காதடைத்தாலும் இளஞ்செழியனுக்கு அந்த அழுகைதான் தாங்காது.

ஆடி அமாவாசையன்று, அவள் திரும்பிய நேரம் பார்த்து, சோற்றின்மேல் ஒரு அத்திப்பழத்தைப் பிட்டு வைத்தான். அவள் கூப்பிட வாய் திறப்பதற்குள் ஒரு காக்கா இறங்கி, சோற்றை ஒதுக்கிவிட்டுப் பழத்தைத் தின்றது.

"அப்பா!" மகேஸ்வரி ஓவென்று அழுதாள். "அவருக்கு அத்திப்பழம்னா உசுராச்சே! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்" என்றான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு காக்காவின் பின்னாலேயே மாடி முழுக்க நடந்தான்.

"இன்னா பண்றீங்க?"

"மாமாவ வழியனுப்புறேன்."

மாமா பக்கெட்டை மதிக்கவில்லை. பறந்துபோய் சன்ஷேடில் உட்கார்ந்தார். அதற்கும் ஹால் சுவருக்கும் நடுவிலிருந்த விரிசலில் காரியத்தை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஐப்பசி மழையில் அந்த விரிசலில் அத்தி முளைத்தது. அடுத்த ஐப்பசிக்குள் ஆள் உயரம் வளர்ந்து, சுவரைப் பிளந்தது. கொத்தனார் ராசு வந்து பார்த்தார்.

"வெட்டிட்டு ஆசிட் ஊத்துங்க. வுட்டா வூட்ட ரெண்டாப் பொளந்துடும்."

"எங்கப்பா மேலயா ஆசிட் ஊத்துவீங்க?" என்று மகேஸ்வரி சீறினாள்.

ராசு இளஞ்செழியனைப் பார்த்தார். விதைக்காகத்தான் பழம் வைத்தேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிக்கும். மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தான். அந்த ஆடி அமாவாசைக்குப் பிறகு, ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அழவில்லை.

"பெரியவரு வெச்ச மரம், இருக்கட்டும்ண்ணே" என்றான். ராசு தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தை மாதம் ஒரு காலையில் டிவிக்கு மேலே பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வேர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தது.

மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "வாசப்படிய மிதிக்கவே இல்ல பாருங்க. செவுத்த ஒடச்சிக்கினு வந்துட்டாரு!"

பிறகு, "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

இளஞ்செழியன் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நின்றான்.